கூரைக்கு மேலே போன சுவர்

எங்கள் கரையில், சுவர் கட்டவேண்டும் என்று சொல்கிற பெண்ணைக் குடும்பம் பிரிக்க வந்தவள் என்றுதான் பார்ப்பார்கள். என்னையும் அப்படித்தான் பார்த்தார்கள், அதுவும் வருடக் கணக்காக. எனக்கு அதில் பெரிய மனவருத்தம் ஒன்றும் இல்லை. வாய் நீளம் என்று பிறந்த வீட்டிலேயே பெயர் எடுத்தவள் நான். புகுந்த வீட்டில் இன்னொரு பெயர் சேர்ந்தது, அவ்வளவுதான். நான் கேட்டது ஒரு சுவர். அது எதற்கு என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது என்று முடிவுகட்டியிருந்தேன்.

ஐம்பதுகளின் பின்பாதியில் கலியாணம் முடித்து, ஊர்காவற்றுறைக்கு மேற்கே உள்ள அந்தக் கடற்கரைக்கு வந்தேன். என் கணவரோடு கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர். மூத்தவர் தமையன், அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். இளையவள் தங்கை, எனக்கு மச்சாள். மூன்று பேருக்கும் தனித்தனி வீடு, தனித்தனி வள்ளம். ஆனால் வாடி மட்டும் ஒன்று. வாடி என்பது கடற்கரையில் வலை, கயிறு, பாய், துடுப்பு எல்லாம் வைத்தெடுக்கிற கொட்டில். எங்களுடையது நீண்ட கொட்டில். ஒரே முகடு, ஒரே பனையோலைக் கூரை. தென்மேற்கு முனையில் அத்தானின் பங்கு, நடுவில் எங்களுடையது, வடகிழக்கு முனையில் மச்சாளுடையது.

அப்படி நீளமாக, சோளகக் காற்றுக்குத் தலையைக் கொடுத்துக் கட்டுவதுதான் எங்கள் கரை வழக்கம். சோளகம் பெயர்ந்தால் மாதக் கணக்கில் தென்மேற்கிலிருந்து விடாமல் அடிக்கும். கொட்டிலைக் குறுக்கே கட்டினால் கூரை பறந்துபோய்விடும். நீளவாட்டில் கட்டினால் காற்று கூரையைத் தடவிக்கொண்டு போகும். சுவரும் இடுப்பளவுக்குத்தான். அதற்கு மேலே கூரைவரை திறந்த வெளி. உள்ளே பங்குக்குப் பங்கு ஒரு தடுப்பும் கிடையாது. அந்தக் காலத்து வலை பருத்தி நூல் வலை. காற்றுப் படாவிட்டால் உக்கிப்போகும். ஆகவே காற்று ஒரு முனையால் புகுந்து மறுமுனையால் வெளியே போகவேண்டும். காற்றுக்கு வசதியாகக் கட்டியது நெருப்புக்கும் வசதியாகத்தான் இருக்கும் என்று அப்போது ஒருவரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

மச்சாளின் பங்கு முடிகிற இடத்தில் மட்டும் ஒரு பெரிய சுவர் நின்றது. அது எங்களுடையது அல்ல. என் மாமனாரின் தம்பியுடையது. என் கணவர் வீட்டாருக்கு அவர் சித்தப்பா. அண்ணனும் தம்பியும் ஒரு காலத்தில் ஒரே வாடியில் இருந்தவர்கள்தான். எல்லையில் ஒரு சாண் நிலத்துக்குச் சண்டை பிடித்துப் பிரிந்தார்கள். பிரிந்த கையோடு சித்தப்பா இரண்டு பேருக்கும் நடுவில் கடலில் எடுக்கிற முருகைக்கல்லால் சுவர் எழுப்பினார். கூரை மட்டத்தோடு நிறுத்தவில்லை. கூரையையும் தாண்டி ஒரு முழம் மேலே கொண்டுபோனார். எங்கள் ஓலையில் வழிகிற மழைத் தண்ணீர் கூட அவர் பக்கம் விழக்கூடாதாம். மாமனார் செத்தபோது அவர் செத்தவீட்டுக்கு வரவில்லை. அத்தான் அந்தச் சுவரைக் காணும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தகப்பன் போனபின் தம்பியையும் தங்கையையும் ஒன்றாக வைத்திருப்பதுதான் தன் வேலை என்று நினைத்த மனிதர் அவர். நல்ல மனிதர். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் சொல்லப்போவதை வைத்து யாரும் அவரைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் நெருப்பு நான் வந்து கண்ட இரண்டாவது சோளகத்தில் பிடித்தது. பருத்தி வலைக்குப் பட்டை காய்ச்சிக்கொண்டிருந்தோம். மரப்பட்டையைக் கிடாரத்தில் அவித்து, அந்தச் சாயத்தில் வலையைத் தோய்த்து எடுத்தால் நூல் இறுகும். கிடாரத்தை எப்போதும் அத்தானின் முனைக்கு வெளியேதான் வைப்போம், கடல் பக்கத்தில் வலையைக் காயவிடச் சுகம் என்று. அன்று விடியற்புறம் காற்றுக் குறைவாக இருந்தது. பிறகு திடீரென்று எழும்பி, அடுப்பில் எரிந்துகொண்டிருந்த பனம் பன்னாடைத் துண்டு ஒன்றைத் தூக்கி ஓலையில் போட்டது. நான் கண்ணால் கண்டேன். கையால் தட்டிவிடலாம் போல அவ்வளவு சின்னத் துண்டு.

எல்லோரும் வாளியோடு ஓடினோம். நெருப்புக்குக் கீழே நின்று தண்ணீரை வீசினோம். நெருப்பு எங்களைக் கவனிக்கவே இல்லை. அது கூரையின் உட்பக்கத்தால், முகட்டை ஒட்டிக்கொண்டு, புகையை முன்னே விட்டுவிட்டு ஓடியது. நாங்கள் அத்தானின் பங்கில் தண்ணீர் வீசும்போது எங்கள் கூரை எரிந்தது. எங்கள் பங்குக்கு ஓடிவந்தால் மச்சாளின் வலைகள் எரிந்தன. மச்சாள் தலையில் கைவைத்துக் கொண்டு நின்றாள். கடைசியில் நெருப்பு சித்தப்பாவின் சுவரில் போய் முட்டியது. முட்டி, மேலே எழும்பி, அங்கேயே அடங்கிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓலையின் ஓரம் கொஞ்சம் கருகியது. வேறொன்றும் இல்லை.

ஊருக்கு அது பெரிய கதையாகிவிட்டது. ஒற்றுமையாக இருந்தவர்களின் சொத்துச் சாம்பலாகிவிட்டது, சண்டைக்காரனின் வாடி தப்பிவிட்டது, இதென்ன நியாயம் என்று சந்திக்குச் சந்தி பேசினார்கள். அத்தானின் மனைவியை நான் அக்கா என்பேன். அவள் கோயிலுக்குப் போய் மாதாவிடம் நேரே கேட்டுவிட்டு வந்தாள். எல்லோரும் நியாயத்தைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். சாம்பல் சூடு ஆறுமுன்பே கிட்டப்போய், ஒரு பக்கம் கறுத்தும் மறுபக்கம் வெளுத்தும் இருந்த அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். கோபத்தில் கட்டிய சுவர்தான். ஆனால் நெருப்புக்கு அந்தக் கோபம் தெரியாது. அதற்குத் தெரிந்தது கூரை அந்த இடத்தில் அறுந்துபோயிருந்தது என்பது மட்டும்தான்.

திரும்பக் கட்டத் தொடங்கும்போது அத்தானிடம் போய்ச் சொன்னேன்.

"அத்தான், எங்கடை மூண்டு பங்குக்கும் நடுவிலை இதுமாதிரிச் சுவர் எழுப்புவம். கூரைக்கு மேலையும் போகவேணும்."

அவர் கையில் இருந்த ஓலையைக் கீழே வைத்தார்.

"நீர் வந்து இன்னும் ரண்டு வருசம் ஆகேல்லை," என்றார். "எங்கடை அப்பரும் சித்தப்பாவும் இப்பிடி ஒரு சுவராலைதான் போனவை. நான் உயிரோடை இருக்குமட்டும் தம்பிக்கும் எனக்கும் நடுவிலை சுவர் வராது."

அத்தோடு பேச்சு முடிந்தது. வாடி முன்பு இருந்த மாதிரியே எழும்பியது. அதே நீளம், அதே முகடு, அதே திறந்த வெளி. புது ஓலை மட்டும் பச்சை மணத்தது. என் கணவர் நல்லவர், ஆனால் தமையன் சொன்னால் வேதவாக்கு. "இஞ்சரும், அண்ணை சொல்லிப்போட்டார். இனி உந்தக் கதையை விடும்," என்றார். நான் விடவில்லை. ஒவ்வொரு சோளகத்துக்கும் ஒருமுறை கேட்டேன். திருநாளுக்குக் கொடியேற்றுகிற மாதிரி, நான் சுவர்க் கதையை எடுத்தால் சோளகம் பெயர்ந்துவிட்டது என்று மச்சாள் பகிடி பண்ணுவாள்.

பிறகு நைலோன் வலை வந்தது. அதற்குப் பின்னால் வள்ளத்துக்கு எஞ்சினும் வந்தது. எஞ்சினோடு பெற்றோல் தகரமும் மண்ணெண்ணெய்த் தகரமும் வாடிக்குள் வந்து குந்திக்கொண்டன. எங்கள் மூன்று குடும்பத்துக்கும் வயலும் இல்லை, தோட்டமும் இல்லை. வலையும் எஞ்சினும் போனால் அடுத்த நாள் உலை வைக்க வழி இல்லை. அவ்வளவும் ஒரே ஓலையின் கீழே கிடந்தது.

ஒருநாள் மூன்று ஆண்களும் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருக்கும்போது நடுவில் போய் நின்றேன்.

"பருத்தி வலை உக்குமெண்டு காத்துக்குத் திறந்து வைச்சனியள். சரி. நைலோன் உக்காது. இனி ஆருக்குக் காத்து?"

மச்சாளின் புருஷன் சிரித்துவிட்டான். என் கணவர் வலையைக் குனிந்து பார்த்தார். அத்தானுக்குக் கோபம் வந்தது. "உமக்குச் சுவர் வேணுமெண்டா உம்மடை வீட்டுக்குள்ளை கட்டும்," என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

கேட்டது போதும் என்று அன்று முடிவெடுத்தேன். அடுத்த நாள் கடல் வற்றியதும் பனையோலைக் கடகத்தை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி முருகைக்கல் பொறுக்கத் தொடங்கினேன். பொறுக்கிய கல்லை வாடிக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணும் படுகிற இடத்தில் குவித்தேன். குவியல் வளர்ந்தது. கொஞ்ச நாளில் மச்சாளும் ஒரு கடகத்தோடு வந்தாள். காற்றின் கடைசி முனையில் இருக்கிறவள் அவள்தான். எங்கே நெருப்புப் பிடித்தாலும் அவளிடம் வந்து சேரும். அதை அவளுக்கு நான் விளக்கவேண்டி இருக்கவில்லை. சுண்ணாம்பைச் சூளைக்காரரிடம் கருவாடு கொடுத்து வாங்கினோம். முருகைக்கல் கையைக் கிழிக்கும். இரண்டு பேரின் கையும் கிழிந்துதான் கிடந்தது, ஆனால் எங்கள் வாய் சும்மா இருக்கவில்லை. அந்த மாதங்களில் சிரித்த மாதிரி நாங்கள் பிறகு சிரிக்கவில்லை.

கல் குவியல் இடுப்புக்கு வந்ததும் அத்தான் மாதா கோயில் சுவாமியாரிடம் போய் முறையிட்டார். சுவாமியார் என்னை அழைப்பித்தார்.

"பிள்ளை, குடும்பத்துக்குள்ளை சுவர் வைக்கப் போறியாமே?"

"குடும்பத்துக்குள்ளை இல்லைச் சுவாமி. கூரைக்குள்ளை."

"அண்ணர் மனம் நோகிறார்."

"சுவாமி, கோயிலுக்கும் உங்கடை அறைக்கும் நடுவிலையும் சுவர் இருக்குது. அதுக்காண்டி ஆண்டவரும் நீங்களும் கோவமே?"

சுவாமியார் சிரிப்பை அடக்கப் பார்த்தார், ஏலாமல் போய்விட்டது. பிறகு நெருப்பு எப்படி ஓடியது என்று கேட்டார். நான் மேசையில் விரலால் கீறிக் காட்டினேன். முகட்டால் ஓடும், கீழே நின்று தண்ணீர் ஊற்றிப் பயனில்லை, கூரையை அறுத்தால்தான் நிற்கும், சுவர் ஓலைக்குக் கீழே நின்றால் அது சுவரே இல்லை என்று சொன்னேன். அவர் நன்றாகக் கேட்டார். கடைசியில் ஒரு வழி சொன்னார்.

"சுவர் எழுப்புங்கோ. ஆனா அண்ணருக்கும் உங்களுக்கும் நடுவிலை ஒரு கதவு வையுங்கோ. போக்குவரத்து இருந்தா அது பிரிவு இல்லை எண்டு நான் அவருக்குச் சொல்லுறன்."

எனக்கு அது பிடிக்கவில்லை. கதவு என்றால் நெருப்புக்கு விட்டுக்கொடுத்த ஓட்டை என்றுதான் தோன்றியது. ஆனால் வேறு வழியில்லை. கதவைப் பலகையால் செய்து இரண்டு பக்கமும் தகரம் அடிக்கவேண்டும், அது தன்பாட்டில் சாத்திக்கொள்ளவேண்டும் என்று நான் என் பக்க நிபந்தனைகளைச் சொன்னேன். மச்சாள் தன் பக்கத்துச் சுவரில் கதவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "போக வர எனக்கு வெளியாலை வழி இருக்கு," என்றாள்.

சுவாமியாரின் சொல்லைத் தட்டமுடியாமல் அத்தான் அரைமனதோடு சம்மதித்தார். சுவர் எழும்பியபோது பெரிய சண்டை முகட்டு வளைக்குத்தான் வந்தது. வளை என்பது முகட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுகிற பனைமரம். மேசன் அதை வெட்டாமல் சுவருக்குள்ளால் விடலாம் என்றான். முகட்டு வளையைத் துண்டாக்குவது குடும்பத்துக்குக் கூடாது என்று அவனுக்கும் பயம். நான் ஒரே பிடியாக நின்றேன். மரம் சுவருக்குள்ளால் போனால் நெருப்பு மரத்தோடு போகும். வெட்டிய அன்று அத்தான் அங்கே நிற்கவில்லை, கோயிலுக்குப் போய்விட்டார். மரம் அறுக்கிற வாளின் சத்தம் கேட்கும்போது எனக்கும் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்? ஆனாலும் வெட்டுவித்தேன். இரண்டு இடத்திலும் சுவர் கூரையைப் பிளந்துகொண்டு ஒரு முழம் மேலே போனது. மாரி வந்ததும் ஓலையும் சுவரும் சேருகிற இடமெல்லாம் ஒழுகத் தொடங்கியது. ஒவ்வொரு துளிக்கும் எனக்கு ஏச்சு விழுந்தது. ஏச்சையும் வாங்கிக்கொண்டு, ஏணி வைத்து ஏறி, நானே தார் பூசினேன்.

கதவுக்கு என் கணவர் ஒரு வேலை செய்துதந்தார். கதவின் மேல் மூலையில் கயிற்றைக் கட்டி, அதை ஒரு கப்பியால் விட்டு, நுனியில் நங்கூரக் கல்லைத் தொங்கவிட்டார். கையை எடுத்தால் கல் இறங்கும், கதவு சாத்திக்கொள்ளும். பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் வலையைத் தோளில் சுமந்துகொண்டு போகிறவருக்கு அது பெரிய தொல்லை. அக்கா உப்புச் சாக்கை வைத்துக் கதவை மறித்து விடுவாள். நான் கண்டால் சாக்கை இழுத்து எறிவேன். திரும்பி வந்தால் சாக்கு பழைய இடத்தில் இருக்கும்.

"கதவைத் திறந்து வைச்சா நாங்கள் என்ன களவே எடுக்கப் போறம்?" என்பாள்.

"அக்கா, திறந்து கிடந்தா இவ்வளவு கல்லும் சும்மா பொறுக்கினதுதான்."

"உனக்கு நெருப்பிலை ஒரு விசர்."

விசர் என்றால் விசர்தான், பைத்தியம்தான். என் கணவரே ஒருநாள் பாய்மரம் நீளம், உள்ளே அடங்குதில்லை என்று மச்சாளின் பக்கத்துச் சுவரில் துளை போட்டு அதைச் செருகி வைத்தார். கண்ட அன்றே பாய்மரத்தை வெளியே இழுத்துவிட்டுக் கல்லும் களிமண்ணும் வைத்துத் துளையை அடைத்தேன். இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. சுவர் கட்டுவது ஒரு வேலை, கட்டிய சுவரைச் சுவராக வைத்திருப்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலைக்கு முடிவே கிடையாது. கடற்கரையில் எனக்குச் சுவர்க்காரி என்று பெயர் நிலைத்துவிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன்.

இரண்டாவது நெருப்பு எழுபதுகளின் கடைசியில், மறுபடியும் சோளகத்தில் வந்தது. அந்த வருடம் காற்றோடு மணலும் பறந்து கண்ணைத் திறக்க விடவில்லை. மணலை மறிக்க வாடியின் திறந்த பக்கங்களுக்கு ஓலைத் தட்டி கட்டியிருந்தோம். அத்தான் எப்போதும் வெளியில் நின்றுதான் எஞ்சினுக்குப் பெற்றோல் விடுவார், மிகவும் கவனமான ஆள். அன்று பெற்றோலுக்குள் மணல் விழுகிறது என்று எஞ்சினை உள்ளே கொண்டுபோனார். அக்காவும் தேத்தண்ணி அடுப்பைக் காற்றுக்குப் பயந்து உள்ளே, கடல் பக்க வாசலடியில் மூட்டியிருந்தாள். இருவரும் காற்றிலிருந்து தப்ப ஒரே இடத்துக்கு வந்தார்கள். மத்தியான நேரம். என் கணவர் ஐஸ் வாங்க ஊர்காவற்றுறைக்குப் போயிருந்தார். நான் எங்கள் பங்கில் இருந்தேன்.

புஸ் என்று ஒரு சத்தம். அக்காவின் கூச்சல். அவள் வாசலால் வெளியே பாய்ந்துவிட்டாள். அடுத்த கணம் வாசல் முழுக்க நெருப்பு. நான் நடுக்கதவுக்கு ஓடினேன். அது உப்புச் சாக்கோடு திறந்து கிடந்தது. அந்தப் பக்கம் அத்தான் நின்று, வலைகளைத் தூக்கித் தூக்கி எங்கள் பங்குக்குள் எறிந்துகொண்டிருந்தார். நானும் இழுத்து இழுத்துப் பின்னால் போட்டேன். அவர் எறிகிறார், நான் இழுக்கிறேன். சுவாமியார் சொன்ன கதவு இல்லாவிட்டால் அவருடைய வலையில் ஒரு கண் கூட மிஞ்சியிராது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவருடைய கூரை முழுக்கப் பிடித்துவிட்டது. கதவின் மேற்பக்கத்தால் புகை உருண்டு எங்கள் பக்கம் வரத் தொடங்கியது. அண்ணாந்து பார்த்தேன். எங்கள் பக்கத்து ஓலை, கதவுக்கு நேர் மேலே, சுருண்டு கறுக்கிறது. முதல் நெருப்பு முகட்டால் ஓடியது அப்படியே கண்ணுக்குள் வந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் எங்களுடையதும் போகும், மச்சாளுடையதும் போகும்.

"அத்தான், கதவை விடப்போறன்! வாங்கோ இஞ்சாலை!"

"பொறும்! எஞ்சின்!"

அவர் எஞ்சினை எடுக்கத் திரும்பிப் புகைக்குள் போய்விட்டார். எனக்கு ஆளைத் தெரியவில்லை.

"அத்தான்! எஞ்சினை விடுங்கோ! வரேலாட்டித் தட்டியை உதைச்சுக்கொண்டு வெளியிலை போங்கோ!"

பதில் இல்லை. சாக்கை உதைத்துத் தள்ளினேன். கல் இறங்கியது, ஆனால் கதவு சாத்தவில்லை. பாதி வந்த வலை ஒன்று வாசலில் சிக்கிக் கிடந்தது. இழுத்தேன், வரவில்லை. மீன் வெட்டுகிற கத்தி இடுப்பில் இருந்தது. வலையை வெட்டுவது எங்கள் ஆட்களுக்குச் சோற்றுப் பானையை உடைக்கிற மாதிரி. வெட்டினேன். கதவு வந்து அடித்துச் சாத்திக்கொண்டது.

உடனே அந்தப் பக்கத்திலிருந்து தகரத்தில் அடிக்கிற சத்தம் கேட்டது. கையால் அடிக்கிற சத்தம். பிறகு நின்றுவிட்டது.

நான் கதவைத் திறக்கவில்லை. மேலே கறுத்த ஓலைக்குத் தண்ணீர் வீசினேன். மச்சாளும் கரையில் நின்ற பெண்களும் ஈரச் சாக்கோடு எங்கள் கூரையில் ஏறி, சுவரைத் தாண்டிப் பறந்துவந்த பொறிகளை அடித்து அணைத்தார்கள். ஆண்கள் வாளி கொடுத்தார்கள். தகரம் சூடேறி நெளிந்தது. சுவரின் உச்சியில் நெருப்பு எழும்பி எழும்பி விழுந்தது. இந்தப் பக்கம் வரவில்லை. அவ்வளவு நேரமும் என் காதுக்குள் அந்தக் கையடிச் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஆளைக் கொன்றுவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டே தண்ணீர் வீசினேன்.

வெளியே வந்தபோது அத்தான் மணலில் கிடந்தார். தட்டியைப் பிய்த்துக்கொண்டு வெளியே விழுந்திருந்தார். தலைமயிர் கருகி, ஒரு கை முழங்கைவரை வெந்துபோயிருந்தது. மூச்சு இருந்தது. அக்கா அவரை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

"என்ரை மனிசனை உள்ளுக்கை வைச்சுச் சாத்தினவளடி நீ!"

அவரை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அத்தானின் பங்கும் எஞ்சினும் சாம்பல். எங்கள் வலை, மச்சாளின் வலை, இரண்டு எஞ்சின், அவர் எறிந்த வலைகள், எல்லாம் மிஞ்சின. அவர் திரும்பி வரும்வரைக்கும் மூன்று குடும்பமும் அதில்தான் சாப்பிட்டது. அக்கா நாங்கள் கொடுத்த மீனை மச்சாள் கையால்தான் வாங்கினாள். என் முகத்தில் முழிக்கவில்லை. கோயிலில் நான் இருந்த வாங்குப் பலகையில் இருக்கமாட்டாள். சுவரால் குடும்பம் பிரியும் என்று அத்தான் பயந்தது கடைசியில் நடந்துவிட்டதோ என்று நானும் உள்ளுக்குள் உடைந்துபோய்த்தான் இருந்தேன்.

அத்தான் கைக்கட்டோடு வந்து, தன் பங்கைத் திரும்பக் கட்டுவதைப் பார்க்க மணலில் குந்தியிருந்த ஒரு நாள், என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

"ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லும். கதவைச் சாத்தேக்கை நான் வெளியிலை போயிடுவன் எண்டு உமக்குத் தெரியுமே?"

இந்த மனிதருக்குப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தெரியாது அத்தான்."

"நான் கதவிலை அடிச்சது கேட்டதே?"

"கேட்டது."

அவர் கட்டுப்போட்ட கையை எடுத்து மடியில் வைத்தார்.

"நானெண்டாச் சாத்தியிருக்க மாட்டன்," என்றார். "மூண்டு குடும்பமும் கையேந்தியிருக்கும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"என்ரை மனிசிக்கு மட்டும், நான் வெளியிலை போவன் எண்டு உமக்குத் தெரியும் எண்டு சொல்லும். அவளாலை மற்றதைத் தாங்கேலாது."

அன்று பின்னேரமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா குசினிக்குள் அடுப்படியில் நின்றாள். என்னைக் கண்டதும் முதுகைக் காட்டினாள். நான் படியில் நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, அத்தான் தட்டியடிக்குப் போனதைக் கண்டிட்டுத்தான் நான் கதவை விட்டனான்."

அவள் திரும்பினாள். "மாதாவாணைச் சொல்லு."

"மாதாவாணை."

சுவரைப் பற்றி அத்தனை வருடம் நான் சொன்னதெல்லாம் உண்மை. ஒன்றையும் அவள் நம்பவில்லை. இதை உடனே நம்பினாள். அகப்பையைக் கீழே போட்டுவிட்டு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

அந்தப் பொய்ச் சத்தியத்தை நான் இன்றுவரை பாவசங்கீர்த்தனத்தில் எந்தச் சுவாமியாரிடமும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.